வடிவு பேரில் நாற்பத்தொரு அறைகள்

திருநெல்வேலி டவுனில் வயிரவம்பிள்ளை வளவு என்றொரு வளவு உண்டு. பன்னிரண்டு வீடுகள் எதிரும் புதிருமாக நிற்க, நடுவே ஒரு முற்றமும் ஒரு அடிபம்பும் எல்லாருக்கும் பொது. அந்த வளவின் ஐந்தாம் வீட்டுச் சிதம்பரவடிவு எழுதிய கம்ப்யூட்டர் நிரல் நூற்று முப்பத்தாறு தடவை பாதியில் விழுந்து, நூற்று முப்பத்தேழாவது தடவை ஒரு தப்பும் சொல்லாமல் ஓடி முடிந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, அடிபம்புக்குப் பின்னால் வெறுமனே நின்ற சுவரில் ஒரு கதவு இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. சந்தில் இஸ்திரி வண்டி எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. ஆனாலும் கதவைத் திறந்தால் உள்ளே பத்துக்கு எட்டில் ஒரு அறை, ஒரு ஜன்னல், கரண்ட் கிடையாது, சத்தம் உள்ளேயும் வராது வெளியேயும் போகாது. வடிவு தன் சீட்டில் என்ன எழுதியிருந்தாளோ அப்படியே.

முதலில் பார்த்தது நாலாம் வீட்டுக் கோமு மதினி. குடத்தைப் பம்படியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி வடிவு, உள்ள நல்லா காத்தோட்டமாக் கெடக்கு. இடியாப்பத்துக்கு அரிசி நனைச்சு வச்சிருக்கேன், நெழல்ல உலத்தணும். விரிச்சுக்கிடட்டுமா?"

"அது எனக்குன்னு கட்டுனது மதினி."

"ஒனக்குத்தான், யாரு இல்லன்னா? அரிசி உலந்ததும் எடுத்துக்கிடுதேன்."

வடிவு என்ன வேலை பார்க்கிறாள் என்பது வளவில் ஒருவருக்கும் தெரியாது, அவளும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டாள். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருக்கிற மாதிரி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி அறை. பேங்க் வேலைக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று, கண்டவன் அனுப்பிய கண்ட கோப்பைத் திறந்து பார்க்க ஒன்று. ஒன்றில் திருடன் புகுந்தாலும் அடுத்ததை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அப்படியொரு இயங்குதளத்தை ஏழு நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், அதில் வடிவும் ஒருத்தி. அந்த அறைகளுக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பேர். அறை எப்படி வேண்டும் என்று ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்தால் அப்படியே கட்டித் தருகிற பில்டர் ஒன்றை இரண்டு வருஷமாக அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வேறொன்று எழுதியிருந்தார்: ஐந்தே அறை, தைத்து வைத்த சட்டை, பிடித்தால் போட்டுக்கொள். இரண்டில் எது என்று கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எல்லாரும் கம்ப்யூட்டரில் கூடிப் பார்த்துத் தீர்மானிப்பதாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவள் பேசவேண்டும், அவர்கள் கேட்கவேண்டும். குக்கர் விசிலும் டிவியும் அடிபம்பும் கூப்பாடுமாகப் பன்னிரண்டு குடும்பம் புழங்குகிற வளவில், வாசல் நடையில் போட்ட மேசையில் உட்கார்ந்து அதைப் பேசமுடியாது என்பதால்தான் முதல் அறையைத் தனக்கென்று எழுதினாள்.

அந்த அறையில்தான் கோமு மதினியின் அரிசி உலர்ந்தது. மத்தியானம் மதினி கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து திறந்தால் அரிசியும் இல்லை, விரித்த வேட்டியும் இல்லை. அறை முதலில் இருந்த மாதிரியே துடைத்துப் போட்டாற்போல் இருந்தது. சாத்தித் திறந்தால் பழையபடி ஆகிவிடுவதுதான் அந்த அறையின் மகத்துவம், அழுக்கு எதுவும் தங்காது என்று வடிவு விளக்கினாள். அறை எங்கிருந்து வந்தது என்று கேட்காத மதினி, அரிசி எங்கே போனது என்று மூன்று நாள் கேட்டாள். நாலாம் நாள் வடிவு சீட்டில் ஒரு வரி சேர்த்தாள்: கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பது இருக்கவேண்டுமா, போகவேண்டுமா?

சீட்டு இப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வொரு வரியும் ஒருவர் போட்ட சண்டை. ஜன்னல் எத்தனை, வெயில் காலையிலா மாலையிலா, தட்டினால் உள்ளே கேட்கவேண்டுமா, வாசனை வெளியே போகலாமா என்று எழுதி எழுதி, இரண்டு வருஷம் ஏழு நாட்டுக்காரர்கள் யோசித்தும் தோன்றாத வரிகளையெல்லாம் வயிரவம்பிள்ளை வளவு ஒரே மாதத்தில் அவளிடம் பிடுங்கிவிட்டது. அதில் அவளுக்குச் சந்தோஷம் இருந்திருக்கவேண்டும். ஆனால் கேட்கிற ஒவ்வொருவரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். எனக்குக் கெட்டியாக ஒரு கதவு வேண்டும், எதிர்வீட்டு அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிகிற மாதிரி சின்னதாக ஒரு ஜன்னல் வேண்டும்.

"அப்படி ஜன்னல் வச்சா அது தனியறை இல்ல அண்ணாச்சி" என்றாள் வடிவு.

ஒன்றாம் வீட்டுப் பிரம்மநாயகம் அண்ணாச்சி பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டையரானவர், வளவில் அவர் வைத்ததுதான் சட்டம். "தனியறைதாம்மா. யாரு இல்லன்னா? ஜன்னல் மட்டும் இருக்கட்டும்."

"அவங்களும் ஒங்க அறைக்கு ஜன்னல் கேக்காங்க."

"அது எப்படி? எனக்குத் தனியறைல்லா வேணும்."

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, இது அதற்கும் மேல். தனக்கென்று அவள் இரண்டாவதாகக் கட்டிய அறையில் ஏழாம் வீட்டுக் கட்டில் வந்து கிடந்தது. மூன்றாவதில் சமையல் ஏற்பாட்டுக்காரர் ஒருவர் அண்டாக்களை அடுக்கினார். நாலாவதில் ஒரு கர்ப்பிணி வந்து படுத்தாள், அவளை எப்படி எழுப்புவது? ஐந்தாவதைச் சாத்தினால் உள்ளே இருப்பது போய்விடும் என்று பயமுறுத்தி வைத்தாள். அதற்கு அவர்கள் கண்ட வழி, கதவைச் சாத்தாமல் செங்கல்லை முட்டுக் கொடுப்பது. அந்த வளவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவது கிடையாது. சாத்தினால் ஒன்று அந்த வீட்டில் துக்கம், அல்லது பக்கத்து வீட்டோடு பகை என்று அர்த்தம். ஆகவே தனிமைக்கென்றே கட்டிய அறைகள் எல்லாம் செங்கல் முட்டுக்கொடுத்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வடிவு ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து முற்றத்தில் வீசினாள். மறுநாள் காலையில் அவை இருந்த இடத்துக்கே போயிருந்தன.

கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவரவர் அறையை அவரவரே கட்டிக்கொண்டால் தன்னிடம் யாரும் வரமாட்டார்கள், அதுதானே பில்டரின் நோக்கமும். பழைய லேப்டாப் ஒன்றை அடிபம்புக்குப் பக்கத்து மேடையில் வைத்து, சீட்டை எளிய தமிழில் ஆக்கி, மாதிரிக்கு ஒன்றை நிரப்பியும் வைத்தாள். முதல் வரி, யார் பேரில்: வடிவு. கதவில் அந்தப் பேர் எழுதியிருக்கும். கதவுக்கு முன்னால் நின்று அந்தப் பேரைச் சொன்னால் திறக்கும். மற்ற வரிகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றினார்கள். ஜன்னலை மாற்றினார்கள், வெயிலை மாற்றினார்கள், வாசனையை மாற்றினார்கள். சுவர்களில் இடம் பத்தாமல் கதவுகள் கதவுகளுக்கு மேலே வந்தன, ஏணி வைத்து ஏறினார்கள். கார்ப்பரேஷன் ஆள் ஒருவர் வந்து வளவை வெளியே டேப் பிடித்து அளந்தார், முன்பிருந்த அளவுதான் என்று எழுதிக்கொண்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போனார். பகலில் கதவு சாத்தக்கூடாது என்ற வழக்கமும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது, செங்கற்களை யாரும் தேடவில்லை. யாரும் அடுத்தவர் கதவில் போய் நிற்கவும் இல்லை. பிறரைப் பிடிக்கப் போனால் தானும் பிடிபடவேண்டும் அல்லவா?

ஆனால் பேரை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை.

காலை ஆறு மணிக்கு ஆரம்பிக்கும். "வடிவு" என்று ஒரு குரல், வடிவு அடுப்படியிலிருந்து "என்ன?" என்று வருவாள், முற்றத்தில் ஆள் இருக்காது, ஒரு கதவு சாத்திக்கொள்ளும். உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவதற்குள் "வடிவு". மாடியிலிருந்து "வடிவு". மெதுவாக ஒன்று, அதட்டலாக ஒன்று, கொஞ்சலாக ஒன்று, மூக்கடைப்போடு ஒன்று. பத்து நாளில் அவளுக்குத் தன் பேரைக் கேட்டாலே பல் கூசியது. அந்தப் பேர் அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திறந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு அறைகள், நாற்பத்தொன்றும் வடிவு.

"மாதிரியப் பாத்து அப்படியே அமுக்கிட்டிய போல" என்று முற்றத்தில் எல்லாரையும் கூட்டிச் சொன்னாள். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆளாளுக்கு அவங்கவங்க பேர எழுதுங்க, மாத்திக்கிடலாம்."

கோமு மதினி முந்தானையைத் திருகினாள். பிரம்மநாயகம் அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமினார்.

"தெரியாம விடல தாயி. தெரிஞ்சுதான் விட்டோம். எம்பேர்ல ஒரு தனியறைன்னு எழுதினா, இந்த வயசுல மனுசன் பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுத் தனியாப் போயிட்டான்னுல்லா சொல்லுவான்? இப்ப எவன் கேட்டாலும், அது வடிவு அறை, நான் சும்மா போய் உக்காந்துட்டு வாரேன்னு சொல்லிக்கிடலாம்."

"அப்ப எனக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"ஒனக்குத்தான் ஏற்கனவே சொல்லுதாங்களே" என்றாள் கோமு மதினி, நல்ல மனசோடுதான். "ஒத்தப் பொம்பளைக்கு நாப்பத்தோரு அறை எதுக்குன்னு ரத வீதி வரைக்கும் பேச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்னட்டி?"

வடிவு வீட்டுக்குள் போய் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஊருக்கு இளைத்தவள் ஒருத்தி வேண்டும், அவள் பேரில் எல்லாரும் மறைந்துகொள்ளவேண்டும், அவளுக்கு மட்டும் மறைய ஒரு இடம் கிடையாது. புதிதாக ஒன்று கட்டினாலும் காலி அறை என்று யாராவது அதே பேரைச் சொல்லி உள்ளே வந்துவிடுவார்கள். இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதினது இதற்குத்தானா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் கணவன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், வழக்கம்போல் ஒன்பது மணிக்கு யூனிபாரம் மாட்டிக்கொண்டு ட்யூட்டிக்குக் கிளம்பினான். பத்தரைக்கு வடிவு நடை மேசையைத் துடைத்து, கம்ப்யூட்டரைத் திறந்து, ஹெட்போனை மாட்டிச் சோதித்துப் பார்த்தாள். தன் குரலுக்கு மேலே தன் பேர்தான் கேட்டது. மாடிக் கதவில் வடிவு, பம்படியில் வடிவு, ஏணியில் நின்று மூச்சு வாங்கியபடி வடிவு. பத்தே முக்காலுக்கு முற்றத்தில் வந்து நின்றாள்.

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் என் பேர யாரும் சொல்லாதீங்க."

வெளியே நின்ற நாலைந்து பேர் சரி என்றார்கள். அறைகளுக்குள் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. சத்தம் உள்ளே போகாதபடி கட்டியவளே அவள்தான். அவள் திரும்பி நடைக்குப் போவதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "ஏட்டி, இந்தா வந்துருதேன், குடையை மட்டும் எடுத்துட்டு" என்று சொல்லிக்கொண்டே ஒரு கதவுக்கு நேராக வாயைக் குவித்து "வடிவு" என்றார்.

பத்து ஐம்பத்தைந்து. வடிவு உட்கார்ந்தாள். வடிவு என்ற பேரில் இருப்பவை அனைத்தையும் நீக்கு என்று ஒரே வரியில் எழுதி, ஒரு தடவைகூட யோசிக்காமல் அமுக்கினாள்.

சத்தமே இல்லை. நாற்பத்தொரு அறைகளும் போயின, உள்ளே இருந்தவர்கள் அவரவர் இருந்த இருப்பில் முற்றத்தில் இருந்தார்கள். பிரம்மநாயகம் அண்ணாச்சி கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு, புதுப் பல்செட்டைப் போட்டு விதவிதமாகச் சிரித்துப் பழகிக்கொண்டிருந்தார். சைவத்துக்குப் பேர்போன கோமு மதினியின் மடியில் ஒரு சட்டி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, விரல் வாயில் இருந்தது. ஒன்பது வருஷமாக முகம் பார்க்காத ஏழாம் வீட்டு அண்ணன் தம்பி இருவரும் ஒரு கேரம் போர்டுக்கு எதிரெதிரே குந்தியிருந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். அடிபம்பு சொட்டுகிற சத்தம் வரைக்கும் கேட்டது.

அவர்களுக்கு நடுவே, யூனிபாரத்தோடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் கணவன் இருந்தான். அவனிடம் கண்ணாடி இல்லை, சட்டி இல்லை, எதிரே யாரும் இல்லை. அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். தினமும் ஒன்பது மணிக்கு வாசலுக்குப் போனவன் "வடிவு" என்று சொல்வதும், அவள் உள்ளேயிருந்து "என்னங்க, எதையும் மறந்துட்டியளா?" என்று கேட்பதும், பதில் வராமல் போவதும் இரண்டு வாரமாக நடந்தது. அவன் ட்யூட்டி மத்தியானம் ஒரு மணிக்குத்தான்.

கம்ப்யூட்டரில் பதினொன்று அடித்தது. ஏழு நாட்டு முகங்கள் வந்துவிட்டன. வளவில் ஊசி விழுந்தால் கேட்கும். அவள் கேட்ட ஒரு மணி நேரம் கிடைத்துவிட்டது. வடிவு பேசினாள். எதிரே வாசல் நிலைக்கு வெளியே அந்த நாற்காலி தெரிந்தது, அவன் எழுந்திருக்கவில்லை. சீட்டின் ஒவ்வொரு வரியையும் அவள் விளக்க விளக்க அங்கே தலைகள் ஆடின. கூட்டத்தை நடத்திய மார்த்தா என்ற அம்மாள் கடைசியாக ஒன்று கேட்டாள்: பேரை யார் சொன்னாலும் கதவு திறக்குமா?

"இவ்வளவு நாள் திறந்தது" என்றாள் வடிவு. "இனிமேல் திறக்காது. பேரை எழுதாமல் விட்டால் அறையே வராது, மாதிரிப் பேர் கிடையாது. அந்தப் பேருக்கு உரியவர் தன் குரலில் சொன்னால் மட்டும் திறக்கும். கட்டிக் கொடுத்த நான் சொன்னாலும் திறக்காது."

பன்னிரண்டு மணிக்கு அவளுடைய பில்டரையே எடுத்துக்கொள்வதென்று தீர்மானம் ஆனது. வாழ்த்துகள் வந்தன. அவள் நன்றி சொல்லிக் கம்ப்யூட்டரை மூடினாள். அதற்குள் முற்றம் காலியாகியிருந்தது.

சனிக்கிழமை முழுக்க வளவில் யாரும் யாரோடும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரம்மநாயகம் அண்ணாச்சி ஒரு தாளோடு வந்தார், அதில் பிரம்மநாயகம் பிள்ளை என்று பத்திரக் கையெழுத்தில் எழுதியிருந்தது. "இனி மறைக்க என்னம்மா இருக்கு" என்றார், பல்செட் தெரியச் சிரித்து. பின்னாலேயே கோமு மதினி. பின்னாலேயே ஏழாம் வீடு, அண்ணனும் தம்பியும், ஒரே தாளில் இருவர் பேரும். திங்கட்கிழமைக்குள் ஒன்பது அறைகள்தான் வந்தன. தன் பேரை எழுதத் துணிந்தவர்கள் அவ்வளவு பேர்தான் போலும்.

அவள் கணவன் புதன்கிழமை கேட்டான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மேசைக்கு எதிரே வந்து நின்றான்.

"எனக்கும் ஒண்ணு."

"நான் என்ன செஞ்சேன்?" என்றாள் வடிவு. ஐந்து நாளாக வாயில் வைத்திருந்தது அது.

"நீ ஒண்ணும் செய்யல வடிவு. வீட்ல இருந்தா ஏதாவது பேசணும். பஸ் ஸ்டாண்டுல இருந்தா எத்தன மணிக்கு வண்டி, எங்க நிக்குன்னு சொல்லிட்டே இருக்கணும். சும்மா இருக்க ஒரு எடம் இல்ல. ஒங்கிட்ட சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல."

"இப்ப கஷ்டப்படலையா?"

அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எத்தனையோ பேருக்குக் கேட்ட மாதிரியே கேட்டாள். ஜன்னல்? ஒன்று போதும். வெயில்? காலை வெயில். சத்தம்? வேண்டாம். கடைசி வரியில் அவள் விரல் நின்றது.

"வெளிய தட்டினா உள்ள கேக்கணுமா?"

"கேக்காத மாதிரி போட முடியுமா?"

"முடியும்" என்றாள். ஒரு வரியைக்கூட முடியாது என்று அவள் பில்டர் சொன்னதில்லை. அப்படியே எழுதினாள், முதல் வரியில் கைலாசம் என்று அடித்தாள், அமுக்கினாள். கதவு நடைக்கு எதிர்ச் சுவரில் வந்தது. அவன் போய் நின்று தன் பேரைத் தானே ஒருமுறை கூச்சத்தோடு சொன்னான். கதவு திறந்தது, உள்ளே போனான், சாத்திக்கொண்டான்.

நாலைந்து நாள் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீடு அமைதியாக இருந்தது, மேசை அவளுடையது, யாரும் அவளைக் கூப்பிடவில்லை. ஆறாம் நாள் பதினோரு மணிக்குக் காப்பி போட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தட்டினாள். பின்பு இன்னும் பலமாகத் தட்டினாள். உள்ளே கேட்காது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் அவன் பேரை வாயால் சொன்னதில்லை. தபால்காரர் கேட்டால்கூட எங்க வீட்டுக்காரர் என்றுதான் சொல்லுவாள். முற்றத்தில் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவுக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோய், மெதுவாக, "கைலாசம்" என்றாள்.

கதவு திறக்கவில்லை.

காப்பியில் ஆடை படிந்தது. அதைத் தானே குடித்துவிட்டு, மேசைக்குத் திரும்பி, மார்த்தா அனுப்பச் சொல்லியிருந்த சோதனைப் பட்டியலைத் திறந்து, வேறொருவர் குரலுக்கு அறை திறக்கிறதா என்ற வரிக்கு எதிரே, இல்லை, சரியாக வேலை செய்கிறது என்று எழுதினாள்.